நிலப்பனை சாட்சி

ஒல்லாந்தர்கள் பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த காலத்தில் நான் அங்கே துபாஷியாக இருந்தேன். துபாஷி என்றதும் பட்டு அங்கவஸ்திரம், பல்லக்கு என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதெல்லாம் பெரிய துபாஷிக்கு. துணி மூட்டைகளின் பேரத்தை அவர் பேசுவார். சமையல்காரன் சர்க்கரையைத் திருடினானா, துரையின் சட்டையைத் துவைத்தவர் கிழித்தாரா, கோட்டை வைத்தியர் கையில் பிடித்திருக்கும் இலைக்கு என்ன பெயர் என்று, பேசி ஒரு பயனும் இல்லாத விஷயங்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

கோட்டை வைத்தியர் நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காது. அவரைக் கப்பலேற்றி அனுப்பியது சிப்பாய்களின் காய்ச்சலைப் பார்க்க. அவர் பார்த்ததோ செடிகளை. சிப்பாய் செத்தால் குழியில் போடச் சொல்வார். செடி செத்தால் காகிதத்தில் ஒட்டிப் பத்திரமாக வைத்துக்கொள்வார். அவரிடம் படம் போட்ட ஒரு பெரிய புத்தகம் இருந்தது. அவர் ஊர்ப் புல்வெளியிலும் தோப்பிலும் பூக்கிற பூக்கள் அதில் வரிசையாக இருந்தன. எங்கள் ஊரில் எந்தப் பூவைக் கண்டாலும் அந்தப் புத்தகத்தைத் திறந்து, இது அங்கே ஏன் இல்லை என்று கோபித்துக்கொள்வார். பூ ஒன்றும் பேசாது. நானும் பேசமாட்டேன்.

எனக்கு ஒல்லாந்து பாஷை தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு முன்னால் இங்கே இருந்த பறங்கியர் விட்டுப்போன பாஷையில் இருவரும் அரைகுறையாகப் பேசிக்கொள்வோம். இந்த அரைகுறையை நம்பித்தான் ஒரு வைகாசி மாதம் என் அக்காவின் உயிர் இருந்தது.

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் குப்பத்திலேயே கட்டிக்கொடுத்தோம். மாமா கடலில் போய்விட்டார். ஒரே பெண், கல்யாண வயதில். அக்கா கருவாடு காயவைத்துக் கோட்டையின் பின்வாசலில் விற்பாள். கருவாட்டுக் கூடையின் ஒரு மூலையில் வேரும் கிழங்கும் வைத்திருப்பாள். யாருக்காவது வயிற்று நோவு, மூலம், நீர்க்கடுப்பு என்றால் எடுத்துக் கொடுப்பாள். கோட்டைக்குள் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவரிடம் போனவர்களின் கதையும் தெரியும்.

அந்த வைகாசியில் ஒரு சிப்பாய்க்கு நீர்க்கடுப்பு. வைத்தியர் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார். மூன்றாம் முறைக்கு ரத்தம் மிச்சம் வேண்டுமே என்று அவன் பின்வாசலுக்கு வந்து அக்காவிடம் சைகையால் நோயைச் சொன்னான். அந்த நோயைச் சைகையால் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்தால் அவன்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அக்கா அன்று காலைதான் தோண்டிய நிலப்பனைக் கிழங்கு நாலைந்தைக் கொடுத்தாள். பாலில் அரைத்துக் குடிக்க வேண்டும் என்று, மாட்டின் மடியைக் கறப்பதுபோல் கையால் செய்தும் காட்டினாள்.

அவனுக்குப் பாலில் நம்பிக்கை இல்லை. மூன்று கிழங்கை நறுக்கிச் சாராயத்தில் போட்டுக் குடித்தான். கூடவே, முந்தின நாள் வேகவைத்த ஒரு கூடை நண்டையும் தின்றான். மறுநாள் காலை வாயாலும் வயிற்றாலும் போய்ச் சுருண்டு விழுந்தான். வைத்தியர் வந்து பார்த்தார். சாராயம் பழகியது, நண்டு தெரிந்தது, கிழங்குதான் புதிது. விஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்காவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

நான்காம் நாள் அந்தச் சிப்பாய் எழுந்து உட்கார்ந்து, நண்டு இருக்கிறதா என்று கேட்டான். நான் வைத்தியரிடம் ஓடினேன். "ஐயா, விஷம் தின்றவன் பசிக்கிறது என்கிறான்" என்றேன். அவர் மிகவும் பொறுமையாக எனக்கு விளக்கினார். விஷம் கொடுத்தது குற்றம். சாகாமல் போனது அவனுடைய சொந்த விஷயம். காகிதம் துரைக்குப் போய்விட்டது. ஒல்லாந்தரிடம் மனிதனைத் திரும்ப வாங்கிவிடலாம், காகிதத்தைத் திரும்ப வாங்க முடியாது.

துரையின் தீர்ப்பும் சீக்கிரமே வந்தது. வாடைக் காற்று தொடங்கும் முன் பத்தாவிக்குக் கப்பல் போகும். அது கடலுக்கு அப்பால் சாவகத்தில் இருக்கும் அவர்களுடைய பெரிய ஊர். அடிமைகளை ஏற்றிப்போகும் அந்தக் கப்பலில் அக்காவையும் ஏற்றுவது. அதுவரை கோட்டைக்குள் துணி துவைக்கட்டும். அந்தக் கப்பலில் போன எவரும் திரும்பி வந்து, ஊர் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொன்னதில்லை.

மீதி இருந்த கிழங்கு சிப்பாயின் பெட்டியில் இருந்தது. ஒன்று காய்ந்துவிட்டது. ஒன்று பச்சையாக, நுனியில் முளையோடு இருந்தது. கறுப்புத் தோல், உள்ளே வெள்ளை, விரல்போல நேராகக் கீழே இறங்குகிற கிழங்கு. நிலப்பனை என்று எங்கள் ஊரில் எவரும் இருட்டில் தடவிச் சொல்வார்கள். நான் அதை வைத்தியருக்குச் சொன்னேன். அவர், காந்தள் கிழங்காக ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டார். காந்தள் கிழங்கு கொல்லும் என்று அவருக்கு முன்பு சொல்லிக்கொடுத்த மேதாவி நான்தான். காந்தள் கிழங்கு கலப்பைபோல வளைந்து இரண்டாகப் பிரியும், இது நேராக இருக்கிறதே என்றேன்.

"வளைந்த மனிதனும் உண்டு, நேரான மனிதனும் உண்டு. இருவரும் மனிதர்கள்தானே" என்றார்.

"நான் இப்போதே இதைத் தின்று காட்டுகிறேன்."

"தின்றால் சாட்சி உன் வயிற்றுக்குள் போய்விடும். அதோடு, அக்காவுக்காக விஷம் தின்னும் தம்பி எந்த ஊரிலும் இருப்பான்."

பிறகுதான் அவர் அந்த முடிவைச் சொன்னார். இலை பொய் சொல்லும், வேர் பொய் சொல்லும், பூ பொய் சொல்லாது. இந்தக் கிழங்கைத் தொட்டியில் நடுவோம். கப்பல் புறப்படும் முன் பூத்தால், பூவைப் பார்த்துச் செடி எது என்று எழுதுவேன். விஷமில்லாத செடி என்றால் துரையிடம் நானே பேசுவேன். பூக்காவிட்டால் முதலில் எழுதியது எழுதியதுதான். இப்படியாக, ஒரு முழப் புல் பூப்பதும் பூக்காததும் என் அக்கா இந்தக் கரையில் இருப்பதைத் தீர்மானிக்கும் என்று படித்தவர்கள் கூடி முடிவு செய்தார்கள்.

இடையில் இன்னொரு சோதனையும் வைத்தார். எங்கே தோண்டினாள் என்று காட்டச் சொன்னார். அக்காவை வரவழைத்துக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "தெக்குத் தோப்பு வேலி ஓரம்" என்றாள். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். மறுநாள் வைத்தியரைப் படகில் ஏற்றித் தெற்குத் தோப்புக்குக் கூட்டிப்போனேன். பூதக்கண்ணாடி, புத்தகம், குடை, குடை பிடிக்க ஒரு ஆள் என்று கல்யாண ஊர்வலம்போலப் போனோம். வேலி முழுக்கக் காந்தள் கொடி தளிர்விட்டு ஏறியிருந்தது. நிலப்பனை ஒன்றுகூட இல்லை. எனக்கே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நிலப்பனை இருப்பது வடக்கு மேட்டில் மட்டும்தான், பனைகளுக்கு நடுவே இருக்கும் புல்தரையிலும் அதை ஒட்டிய சிறு காட்டிலும். வைத்தியர் காந்தளின் இலை நுனியைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பியதும் துவைகல்லுக்குப் போய் அக்காவைப் பிடித்தேன்.

"இன்னாத்துக்கு இப்டி பொய் சொன்னே? அங்க வெறும் காந்தளுதான் இருக்குது. நீயே உன்னைக் கப்பல்ல ஏத்திக்கினே."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "வடக்கு மேடுனு சொன்னா ஊர்ல வுடுவாங்களா? அன்னைக்கு நம்புளுக்குத் தெக்குப் பாடுடா" என்றாள்.

இங்கே பாடு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. பிறைக் கணக்கில் நாள் வகுத்து, இன்றைக்கு வடக்கு முகம் இன்ன வீட்டுக்கு, தெற்கு முகம் இன்ன வீட்டுக்கு என்று முறை வைத்திருப்பார்கள். அந்த முறைதான் பாடு. அன்றைக்கு எந்தத் தண்ணீர் ஒரு வீட்டுக்கு உண்டோ, அதன் கரையில் இருக்கும் விறகும் தேனும் கிழங்கும் அந்த வீட்டுக்குத்தான். மாற்றான் பாட்டில் கை வைத்தால், கை வைத்த வீடு தன் பாட்டை இழந்துவிடும். கொலை செய்தவனைக்கூட எங்கள் ஊரார் இரண்டு நாள் திட்டிவிட்டு விடுவார்கள். பாடு மீறியவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாமா போன பிறகு அக்கா வீட்டுப் பாட்டில் அவர் தம்பி வலை போட்டு, வருவதில் பாதியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை பார்த்திருந்தாள். அந்தப் பையன் வந்து பாட்டை ஏற்றுக்கொள்வதாகப் பேச்சு. பெண் கறுப்பா சிவப்பா என்று அவர்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மாதத்தில் எத்தனை நாள் பாடு என்று கேட்டார்கள்.

"கப்பல்ல போனா போறேன். பாடு போச்சுனா பொண்ணு கல்யாணம் நிக்கும்டா. நீ யாராண்டயும் வடக்கு மேடுனு வாய் தொறக்காதே" என்றாள்.

"உன்னைத் தூக்கி எங்கியோ போடப் போறாங்க, நீ மீன் புடிக்கிற மொறையப் பத்திப் பேசினு இருக்கே."

"உனக்கு இன்னாடா, துபாசி. உனக்குப் பாடா கீடா" என்றாள்.

உண்மைதான். எனக்குப் பாடு இல்லை. அப்போது நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒருபக்கம் காகிதத்துக்குப் பயப்படும் ஒல்லாந்தர், மறுபக்கம் பிறைக்குப் பயப்படும் என் ஊரார், நடுவில் புத்திசாலி ஒருவன்தான், அவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கமாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்தேன். பூ பூத்தால் போதும், பூ எங்கே முளைத்தோம் என்று சொல்லப் போவதில்லை என்று கணக்குப் போட்டேன்.

ஆகவே தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் உத்தியோகம் எனக்கு வந்தது. கோட்டைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஏரித் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிறு குடத்தில் எடுத்துக்கொண்டு, தினமும் விடிந்ததும் கோட்டைக்கு வந்து ஊற்றுவேன். காவல்காரர்கள் சிரிப்பார்கள். துபாஷி வேலை போய்த் தோட்ட வேலை கிடைத்ததா என்று பெரிய துபாஷி விசாரித்தார். துரை வீட்டுத் தோட்டத்துக்கும் இப்படியே ஊற்றலாமே என்று யோசனையும் சொன்னார்.

ஆனி பிறந்து இரண்டு மழை பெய்ததும் தொட்டியில் முளை வந்தது. மடிப்பு மடிப்பாக, பனங்கன்றின் குருத்தை அப்படியே சின்னதாக்கிய மாதிரி இலை. காந்தளாக இருந்தால் தண்டு எழும்பி, இலை நுனி சுருண்டு கொடியாகப் பிடிக்க இடம் தேடியிருக்கும். நான் வைத்தியரை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது பனங்கன்று" என்றார். கிழங்கை அவர் கையாலேயே நட்டிருந்தார். ஆனாலும் பனங்கன்று. நான் விளக்கியதும், சரி, பூக்கட்டும் என்றார்.

மூன்று இலை நன்றாக வந்தது. ஆடி முதல் வாரம் ஒருநாள் குடத்தோடு போனேன். தொட்டியில் மண் மட்டும் இருந்தது. துரையின் பால் ஆடு பக்கத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒல்லாந்துக் கோட்டையில் பீரங்கி உண்டு, அகழி உண்டு, காவல் உண்டு. ஒரு சாட்சியை ஆட்டிடமிருந்து காப்பாற்ற வழி இல்லை. நான் குடத்தைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் ஓடிவந்து பார்த்தாள். தொட்டியையும் பார்த்தாள், ஆட்டையும் பார்த்தாள்.

"இதுக்காடா அழுவுற? கெழங்கு உள்ள இருக்குதில்ல? கோடையில காஞ்சிப் போயி, வருசா வருசம் தானா வர்றதுதானே அது" என்றாள். அவள் குரலில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஒரு செடியைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். போகும்போது, "வுட்டுடேன்டா" என்றாள். சோர்ந்துபோய்ச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நான் விடவில்லை. தொட்டியைத் தூக்கி மதில்மேல் ஆடு எட்டாத இடத்தில் வைத்தேன். நாலு பக்கமும் முள் கட்டினேன். பன்னிரண்டாம் நாள் மறுபடி குருத்து வந்தது. முன்பைவிடத் தடித்து வந்தது. இதற்கிடையில் பத்தாவிக் கப்பல் வந்து கடலில் தூரத்தில் நங்கூரம் போட்டது. தினமும் படகுகள் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயின. மூட்டைகள் முடிந்தால் ஆட்கள். நான் காலையில் தொட்டியைப் பார்ப்பேன், பிறகு கப்பலைப் பார்ப்பேன். கப்பல்தான் வேகமாக நிறைந்துகொண்டிருந்தது.

ஆவணி மாதம், ஒருநாள் காலை, இலைக்கடியில் மண்ணோடு மண்ணாக ஒரு மஞ்சள் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். ஆறு இதழ், நட்சத்திரம்போல விரிந்து, வெளிப்பக்கம் மெல்லிய மயிரோடு. தண்டு இல்லை. மண்ணிலிருந்தே கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு பூ. இதைத் தலையில் வைக்க முடியாது, சாமிக்குப் போட யாரும் நினைப்பதில்லை, புல் மேயும் மாடுகூட மதிப்பதில்லை. அன்றைக்கு அதைவிட அழகான எதையும் நான் பார்த்ததில்லை.

வைத்தியர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்து இதழை எண்ணினார். ஆறு. நடுவில் இருந்த மகரந்தத் தாள்களை எண்ணினார். ஆறு. புத்தகத்தைப் புரட்டினார். போன வருஷம் பூவோடு பறித்துக் காகிதத்தில் ஒட்டியிருந்த காந்தளை எடுத்து எண்ணினார். அதிலும் இதழ் ஆறு, தாள் ஆறு.

"பொருந்துகிறது" என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. கடல் கடந்து வந்த சாஸ்திரம் விரல்விட்டு எண்ணி, நரியும் நாயும் ஒன்று, இரண்டுக்கும் கால் நான்கு என்று கண்டுபிடித்துவிட்டது. "ஐயா, காந்தள் மரமேறுகிறது. இது மண்ணைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. காந்தள் இதழ் தீபோல மேல்நோக்கி மடிந்து சிவக்கும். இது விரிந்து மஞ்சளாகவே இருக்கிறது. குருடனும் சொல்வான்" என்று கத்தினேன். பறங்கி பாஷையில் குருடனுக்கு என்ன சொல் என்று மறந்துபோய் என் இரண்டு கண்ணையும் பொத்திக் காட்டினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் நல்ல மனிதர் என்றேன். தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, தொட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பூவைப் படமாக வரைய ஆரம்பித்தார். எண்ணும்போது தெரியாதது வரையும்போது தெரிந்தது. தண்டு எங்கே வரைவது என்று தேடினார். இல்லை. மண்ணை விரலால் விலக்கி, பூவின் அடிப்பகுதி நிலத்துக்குள்ளேயே புதைந்திருப்பதைப் பார்த்தார். "இது அது இல்லை" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, தன் புத்தகத்தில் இல்லாத செடி இது என்று சந்தோஷப்பட்டு, அதற்குத் துரைசானியின் பெயரை வைத்தார். எங்கள் வடக்கு மேட்டில் எந்தக் காலத்திலிருந்தோ பூத்துக்கொண்டிருப்பது, அன்று காலை பிறந்ததாக எழுதப்பட்டது.

துரை கையெழுத்துப் போட்டார். அக்காவை விடுவிக்க ஊரிலிருந்து பொறுப்பேற்க ஒருவர் வர வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்த் தலைவர் வந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். வைத்தியருக்கு அன்று உற்சாகம் தாங்கவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தலைவரின் மூக்குக்கு முன்னால் நீட்டி, இது இவருக்குத் தெரியுமா, எங்கே கிடைக்கும் என்று கேள் என்றார்.

நான் கேட்கவில்லை. ஆனால் தலைவருக்குக் கண் இருந்தது.

"நெலப்பனை. வடக்கு மேட்டத் தவுர நம்ம பக்கம் எங்கியும் இல்லியே" என்றார். சொல்லி முடித்ததும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். சிப்பாய் கிழங்கு வாங்கிய நாள் ஊருக்கே தெரியும். அன்று யாருக்கு எந்தப் பாடு என்பதும் ஊருக்கே தெரியும். என்ன சொல்கிறார் என்று வைத்தியர் என் தோளைத் தட்டிக் கேட்டார். அழகான பூ என்கிறார் என்றேன்.

அடுத்த நாளே ஊர் கூடியது. படகுகளைக் கரையேற்றியிருந்த மணலில் உட்கார்ந்தார்கள். நான் அக்காவின் காதில், பழைய கிழங்கு, உனக்கு வடக்குப் பாடு வந்த நாளில் எடுத்து வைத்திருந்தது என்று சொல்லிவிடு என்றேன். "ஒரு பொய் சொன்னதே போதும்" என்றாள். கிழங்கு தோண்டிய அன்று வடக்குப் பாடு தலைவர் வீட்டுக்கு. அவர் மிரட்டவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"இத்தினி வருசத்துல நீ தப்பு பண்ணதில்லியேம்மா. மாறிப் போனது இன்னாத்துக்கு?"

அக்கா மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பிறையில மூணாம் நாளு. அது எங்க நைனா நாளு. சின்னதுலேர்ந்து அன்னைக்கு வடக்காலதான் போயிருக்கறேன். காலு தானா போச்சு. தோண்டி முடிச்சி கூடையத் தூக்கறப்பதான், இப்ப அது நம்புளுது இல்லியேனு நெனப்பு வந்துது."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஊரார் எனக்குச் செய்த மரியாதைகளிலேயே என்னால் தாங்க முடியாதது அதுதான். அப்பாவின் பாடு அவருக்குப் பின் எனக்கு வந்தது. எனக்குக் கோட்டையில் வேலை கிடைத்ததும், வலையும் சேறும் இனி எதற்கு என்று ஊர் நடுவில் நின்று விட்டுக்கொடுத்தேன். அதற்கு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அந்த நாள்தான் தலைவர் வீட்டுக்குப் போயிருந்தது. நான் அதை வைத்திருந்தால், அக்கா தன் தம்பியின் கரையில் கிழங்கு தோண்டியிருப்பாள். ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள்.

தலைவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் முறை முறைதான் என்றார். அக்கா வீட்டுப் பாடு போயிற்று. நான் எழுந்து, என் அப்பாவின் இடத்தை எனக்குத் திரும்பக் கொடுங்கள், வரிசையின் கடைசியில் கொடுத்தாலும் சரி, நான் வலை போடுகிறேன் என்றேன். தலைவர் என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மை பட்ட விரலைப் பார்த்தார். "வோணாம்பா" என்று மட்டும் சொன்னார். அவர் கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் மறுவாரம் சொல்லியனுப்பினார்கள். வேறு இடத்தில் பார்க்கிறார்களாம்.

ஊர் கூடிய அன்று, கூட்டம் கலைந்ததும் நானும் அக்காவும் கரையோரமாக நடந்து வந்தோம். கப்பல் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நான்தான் பேச்சைத் தொடங்கினேன். துவைகல் பக்கத்தில் கேட்டபோதே, அது நைனா நாள் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். மேட்டில்தான் தோண்டினேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், தலைவர் காலில் விழுந்தாவது நான் முன்பே ஏதாவது செய்திருப்பேனே என்றேன். வைத்தியர் முன்னால் பேசுவதுபோல நியாயமாக, அடுக்கடுக்காகப் பேசினேன்.

அவள் நின்றாள். "மேடுனு சொல்லியிருந்தா இன்னாத்துக்குப் போனேனு கேப்பாங்க. நைனா நாளுனு சொன்னா, அத்த வுட்டவன் யாருனு கேப்பாங்க. ஊருக்கு நடுவுல உன்ன நிக்க வெச்சிக் கேப்பாங்கடா. அதான் வேலி ஓரம்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்து போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அவள் தன் வாழ்க்கையில் சொன்ன அந்த ஒரு பொய்யை, யாருக்காகச் சொல்கிறாள் என்று தெரியாமல், ஒரு சொல் விடாமல் ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவன் நான்.